புதிய விசுவாசியும் வேத வாசிப்பும்: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைச் சுற்றியே அமைந்திருந்தன. அண்மையில் விசுவாசத்துக்குள் வந்தவர்களுக்கு வேதாகமத்தை எவ்வாறு அறிமுகம் செய்வது, அவர்கள் அதை எந்த அடிப்படையில் நம்புவது என்பதே அப்பொருள். ஆகவே பிற கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இவற்றுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன். கேட்டவர்கள் சிலர் கேட்டுக்கொண்டபடி, எவருடைய பெயரையும் வெளியிடவில்லை.

கேள்வி: சில மாதங்களுக்கு முன் எங்கள் சபையில் ஞானஸ்நானம் பெற்ற ஒரு தம்பதியருக்கு வேதாகமம் ஒன்றைப் பரிசளித்து, ஆதியாகமத்தில் தொடங்கி வாசித்துவரச் சொன்னோம். யாத்திராகமத்தின் பாதிவரை ஆவலோடு வாசித்தவர்கள் லேவியராகமத்தில் நின்றுவிட்டார்கள். இப்போது அதைப்பற்றிக் கேட்டாலே கூச்சப்பட்டுப் பேச்சை மாற்றுகிறார்கள். எங்கே தொடங்கச் சொல்லியிருக்க வேண்டும்?
(சபை மூப்பர், திண்டுக்கல்)

பதில்: அவர்கள் நின்ற இடம் பலரும் நிற்கும் இடம்தான். யாத்திராகமம் 25-ஆம் அதிகாரத்திலிருந்து ஆசரிப்புக் கூடாரத்தின் முழக்கணக்கும், லேவியராகமத்தின் முதல் 7 அதிகாரங்களில் பலிகளின் முறைகளும் வருகின்றன. பின்னணி அறியாத ஒருவர் அங்கே களைத்துப்போவதில் வியப்பில்லை. அதை ஆவிக்குரிய சோர்வு என்று எண்ணி அவர்கள் வெட்கப்படுவதுதான் வருத்தத்துக்குரியது. முதலில் அந்த வெட்கத்தை நீக்குங்கள்.

வேதாகமம் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை கால வரிசையில் ஓடும் ஒரே நூலன்று. நம் கையில் உள்ள பதிப்பில் 66 நூல்கள் ஒரே அட்டைக்குள் கட்டப்பட்டிருக்கின்றன. பவுலின் பெயரைத் தாங்கிய நிருபங்களில் ரோமர் முதலிலும் பிலேமோன் கடைசியிலும் வருவதற்குக் காரணம், அவை பெரும்பாலும் நீளத்தின் வரிசையில் அடுக்கப்பட்டிருப்பதே. ஆகையால் நடுவில் ஒரு நூலைத் தேர்ந்தெடுத்துத் தொடங்குவது வேதத்துக்குச் செய்யும் அவமரியாதை ஆகாது.

மாற்கு சுவிசேஷத்தில் தொடங்கச் சொல்லுங்கள். அது 16 அதிகாரங்களே கொண்டது. உரக்க வாசித்தாலும் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். இன்னொரு முக்கியமான காரணமும் உண்டு. யூத வழக்கங்களை அறியாத வாசகர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்ட நூல் அது. பரிசேயர் ஏன் கைகழுவாமல் சாப்பிடுவதில்லை என்பதை 7-ஆம் அதிகாரத்தில் மாற்கு தாமே நின்று விளக்குகிறார். ‘தலீத்தாகூமி’ என்றும் ‘எப்பத்தா’ என்றும் இயேசு சொன்ன சொற்களை அப்படியே தந்து, உடனே அவற்றின் பொருளையும் சொல்லிவிடுகிறார். கிறிஸ்தவப் பின்னணி இல்லாத வீட்டில் வளர்ந்து இன்று இயேசுவைத் தேடி வந்திருக்கும் ஒருவரும், முதல் நூற்றாண்டில் மாற்கு மனத்தில் கொண்டிருந்த வாசகரும் இந்த வகையில் ஒரே நிலையில் இருப்பவர்கள்.

மேலும் அந்த நூல் முழுவதும் ஒரே வினா ஓடுகிறது. புயல் அடங்கிய படகில் சீஷர்கள், ‘இவர் யாரோ’ என்று ஒருவரையொருவர் கேட்கிறார்கள். 8-ஆம் அதிகாரத்தில் இயேசுவே அவர்களைப் பார்த்து, தம்மை யார் என்று சொல்லுகிறீர்கள் எனக் கேட்கிறார். 15-ஆம் அதிகாரத்தில் சிலுவையின் எதிரே நின்ற ரோம நூற்றுக்கு அதிபதி அதற்கு விடை சொல்லுகிறான். இடையில் சீஷர்கள் புரிந்துகொள்ளாமல் தடுமாறுகிறார்கள், பயப்படுகிறார்கள், கடைசியில் ஓடியும் போகிறார்கள். தாம் மட்டுமே புரியாமல் விழிக்கிறோம் என்று நினைக்கும் புதியவருக்கு இதைவிட ஆறுதலான துணை கிடைக்காது. ‘இந்தப் பகுதியில் இயேசு யாராக வெளிப்படுகிறார்’ என்ற ஒரு வினாவை மட்டும் கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னால் போதும். விளக்க நூல்கள் பிறகு வரட்டும்.

மாற்குக்குப் பின் லூக்காவும் அப்போஸ்தலருடைய நடபடிகளும் வரலாம். அவை ஒரே ஆசிரியர் தெயோப்பிலு என்பவருக்கு எழுதிய இரண்டு பாகங்கள். அதன்பின் ஆபிரகாமின் அழைப்பு தொடங்கும் ஆதியாகமம் 12-ஆம் அதிகாரத்திலிருந்து யாத்திராகமம் 20-ஆம் அதிகாரம்வரை செல்லலாம். லேவியராகமத்தை எபிரெயர் நிருபத்தின் 9, 10-ஆம் அதிகாரங்களோடு சேர்த்து, யாராவது துணையிருக்க வாசிப்பது நல்லது. சங்கீதம் மட்டும் முதல் நாளிலிருந்தே தினம் ஒன்றாக உடன் வரட்டும். புகழ்ச்சிச் சங்கீதங்களை மட்டும் பொறுக்கிக் கொடுக்காதீர்கள். ‘எதுவரைக்கும் கர்த்தாவே’ என்று முறையிடும் 13-ஆம் சங்கீதத்தையும், விடியலே இல்லாமல் இருளில் முடிகிற 88-ஆம் சங்கீதத்தையும் வாசிக்கும்போதுதான், தேவனிடம் எதையெல்லாம் சொல்லலாம் என்பது புதியவருக்குத் தெரியவரும்.

ஓராண்டில் முழு வேதாகமத்தையும் முடிக்கும் அட்டவணையை முதல் ஆண்டிலேயே கையில் திணிக்க வேண்டாம் என்பது என் கருத்து. மொத்தம் 1189 அதிகாரங்கள்; நாளொன்றுக்கு மூன்றுக்கு மேல் வாசிக்க வேண்டும். ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தால் இருபதுக்கு மேற்பட்ட அதிகாரங்கள் பாக்கி நின்றுவிடும். பிறகு வாசிப்பு கடன் அடைப்பதுபோல் ஆகிவிடும். பழகியவர்களுக்கு அது நல்ல ஒழுங்கு, தொடங்குபவர்களுக்கு அன்று.

கடைசியாக, உங்களுக்கும் ஒரு சொல். எத்தியோப்பிய மந்திரி இரதத்தில் ஏசாயாவின் 53-ஆம் அதிகாரத்தை வாசித்துக்கொண்டிருந்தபோது, வாசிப்பது புரிகிறதா என்று பிலிப்பு கேட்டார். ஒருவன் தெரிவிக்காவிட்டால் எப்படித் தெரியும் என்பது அவருடைய மறுமொழி. பிலிப்பு உடனே ஏறி, அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் வாசித்துக்கொண்டிருந்த அந்தப் பகுதியிலிருந்தே பேசத் தொடங்கினார். புத்தகத்தைப் பரிசளிப்பதோடு நம் கடமை முடிந்துவிட்டதாக நினைக்கும் சபைகள் அந்தப் பகுதியை மறுபடி வாசிக்கலாம். வாரம் ஒரு மாலை அந்தத் தம்பதியரின் வீட்டுக்குச் சென்று, மாற்கின் ஓர் அதிகாரத்தை அவர்களோடு மாறி மாறி வாசியுங்கள்.

கேள்வி: என் கணவர் பொறியாளர். என்னோடு ஆராதனைக்கு வருகிறார். இயேசுவின் மேல் அவருக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால், ‘இரண்டாயிரம் ஆண்டுகளாகக் கையால் எழுதி எழுதி வந்த புத்தகத்தில் எத்தனை மாற்றங்கள் நுழைந்திருக்கும், இதை எப்படி நம்புவது’ என்று கேட்கிறார். போதகரிடம் சொன்னேன், ‘விசுவாசத்தோடு வாசிக்கச் சொல்லுங்கள்’ என்றார். அந்தப் பதில் என் கணவரிடம் எடுபடவில்லை.
(வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: எடுபடாதது இயல்புதான். உங்கள் கணவர் கேட்டது ஒரு வரலாற்றுக் கேள்வி. அதற்கு வரலாற்றிலிருந்துதான் பதில் சொல்ல வேண்டும். சொல்லவும் முடியும்.

அவருடைய ஐயத்தில் ஒரு பாதி சரியானது. ஆசிரியர்கள் தம் கையால் எழுதிய மூலச் சுவடி ஒன்றுகூட இன்று இல்லை. நம்மிடம் இருப்பவை பிரதிகளே. ஆனால் ஒரு பிரதியிலிருந்து அடுத்தது, அதிலிருந்து அடுத்தது என்று ஒற்றைக் கோட்டில் வந்து சேர்ந்த புத்தகமன்று இது. புதிய ஏற்பாட்டுக்குக் கிரேக்க மொழியில் மட்டும் 5000-க்கும் மேற்பட்ட கையெழுத்துப் பிரதிகள், சிறு துண்டுகளும் உட்பட, கிடைத்துள்ளன. இவற்றில் பெரும்பாலானவை இடைக்காலத்தைச் சேர்ந்தவை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். எனினும் மிகப் பழையனவும் உண்டு. மான்செஸ்டரிலுள்ள ஜான் ரைலண்ட்ஸ் நூலகத்தில், உள்ளங்கையில் அடங்கும் ஒரு பாப்பிரஸ் துண்டு இருக்கிறது. பிலாத்துவின் முன் இயேசு நிற்கும் யோவான் 18-ஆம் அதிகாரத்தின் சில வரிகள் அதன் இரு பக்கங்களிலும் உள்ளன. எகிப்திலிருந்து வந்த அந்தத் துண்டு 1935-இல் வெளியிடப்பட்டது. எழுத்தின் வடிவத்தைக்கொண்டு அறிஞர்களில் பெரும்பாலோர் அதை 2-ஆம் நூற்றாண்டினதாகக் கருதுகிறார்கள். சீனாய் மலையடிவாரத்துப் புனித கத்தரீன் மடத்திலிருந்து வந்து, இன்று பெரும்பகுதி லண்டனிலுள்ள பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கும் சீனாய்ச் சுவடி 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதில் புதிய ஏற்பாடு முழுமையாக உள்ளது.

பல ஊர்களில், பல காலங்களில், ஒருவரையொருவர் அறியாதவர்கள் எழுதிய பிரதிகள் கிடைக்கும்போது, எங்கே யார் மாற்றினார்கள் என்பதை ஒப்பிட்டுக் கண்டுபிடிக்க முடிகிறது. தமிழ் வாசகருக்கு இது அந்நியமான முறையன்று. உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்குமுன் ஊர் ஊராக ஏட்டுச்சுவடிகளைத் தேடி, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, பாடபேதங்களை (சுவடிக்குச் சுவடி மாறும் சொற்களை) ஆராய்ந்த பாடு நமக்குத் தெரியும். சுவடிகள் பெருகப் பெருகப் பாடபேதங்களும் பெருகும். ஆனால் மூலத்தை மீட்கும் வாய்ப்பும் அவற்றோடு சேர்ந்தே பெருகும். ஒரே ஓர் ஏடு மட்டும் இருந்தால் பாடபேதமே இராது; அது சரிதானா என்று சோதிக்க வழியும் இராது.

பழைய ஏற்பாட்டுக்கு வருவோம். 1947-இல் சாக்கடலின் வடமேற்குக் கரையில், கும்ரானின் அருகேயுள்ள குகையொன்றில் பெதூயின் மேய்ப்பர்கள் கண்டெடுத்த தோல்சுருள்களில் ஏசாயாவின் 66 அதிகாரங்களும் கொண்ட சுருள் ஒன்று இருந்தது. அது கிறிஸ்துவுக்கு முன் எழுதப்பட்டது. அதற்கு முன் நமக்குக் கிடைத்திருந்த முழு எபிரெயச் சுவடிகள் கி.பி. 10, 11-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. ஏறத்தாழ 1000 ஆண்டு இடைவெளி கொண்ட இரு பிரதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, எழுத்துக்கூட்டலிலும் சொற்களிலும் நிறைய வேறுபாடுகள் இருந்தாலும், நூல் அதே நூலாகவே இருந்தது. அதே குகைகளிலிருந்து வேறொரு செய்தியும் வந்தது. பிரசங்கங்களில் இது அவ்வளவாகச் சொல்லப்படுவதில்லை. எரேமியாவின் நூல் அக்காலத்தில் இரண்டு வடிவங்களில் வழங்கியிருக்கிறது. கிரேக்க மொழிபெயர்ப்பில் காணப்படும், ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு குறைந்த வடிவத்தை ஒத்த எபிரெயத் துண்டுகளும் கும்ரானில் கிடைத்தன. முதல் செய்தியைச் சொல்லி இரண்டாவதை மறைத்தால், உங்கள் கணவர் என்றாவது ஒருநாள் இரண்டாவதை வேறெங்கோ படித்துவிட்டு, முதலாவதையும் நம்பாமல் போவார்.

அதே காரணத்துக்காக, புதிய ஏற்பாட்டில் அறிஞர்கள் ஐயுறும் பெரிய இடங்களையும் நீங்களே அவரிடம் காட்டிவிடுங்கள். மாற்கு 16-ஆம் அதிகாரத்தின் 9 முதல் 20 வரையுள்ள வசனங்கள் சீனாய்ச் சுவடியிலும் அதே நூற்றாண்டைச் சேர்ந்த வத்திக்கான் சுவடியிலும் இல்லை. விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணைப் பற்றிய யோவான் 8-ஆம் அதிகாரப் பகுதி மிகப் பழைய பிரதிகளில் இல்லை. பரலோகத்தில் சாட்சியிடுகிறவர்கள் மூவர் என்று நம் பழைய திருப்புதலில் (மொழிபெயர்ப்பில்) 1 யோவான் 5:7-இல் வாசிக்கிறோமே, அந்த வாக்கியம் லத்தீன் மரபிலிருந்து பிற்காலத்தில் நுழைந்தது. திரித்துவ உபதேசம் அந்த ஒரு வசனத்தின்மேல் நிற்கவில்லை. அது எழுந்த 4-ஆம் நூற்றாண்டு விவாதங்களில் கிரேக்கப் பிதாக்கள் அந்த வாக்கியத்தை எடுத்துக்காட்டவே இல்லை. இந்த இடங்களைக் கண்டுபிடித்துச் சொன்னவர்கள் பெரும்பாலும் வேதத்தை நேசித்த கிறிஸ்தவ அறிஞர்களே என்பதையும் அவருக்குச் சொல்லுங்கள்.

இனி, இதனால் எதுவரை நிறுவ முடியும் என்பதிலும் நிதானம் வேண்டும். எழுதப்பட்டது ஏறக்குறைய அப்படியே நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது என்பதைத்தான் சுவடிகள் காட்டும். எழுதப்பட்டது உண்மையா என்பது வேறு கேள்வி. ‘இத்தனை ஆயிரம் பிரதிகள் இருக்கின்றன, ஆகவே வேதம் சத்தியம்’ என்று முழங்குபவர்கள் இவ்விரண்டையும் குழப்புகிறார்கள். ஒரு பொறியாளர் அந்த ஓட்டையை உடனே கண்டுகொள்வார்.

இரண்டாவது கேள்விக்கு அவரைச் சாட்சிகளிடம் அழைத்துச் செல்லுங்கள். கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம் ஏறத்தாழ கி.பி. 55-இல் எழுதப்பட்டது, சிலுவை மரணத்துக்கும் அதற்கும் இடையே 25 ஆண்டுகள் அளவே. அதன் 15-ஆம் அதிகாரத்தில் பவுல், தாம் பெற்றுக்கொண்டதையே ஒப்புவித்ததாகச் சொல்லி, உயிர்த்த கிறிஸ்துவைக் கண்டவர்களை வரிசையாகக் குறிப்பிடுகிறார். ஒரே வேளையில் கண்ட ஐந்நூறு பேருக்கு அதிகமானோரில் அநேகர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள் என்றும் எழுதுகிறார். அவர்கள் உயிரோடிருக்கும்போது இப்படி எழுதுவது எளிதன்று. சுவிசேஷங்களிலோ, வெறுமையான கல்லறையை முதலில் கண்டவர்கள் பெண்கள். பெண்களின் சாட்சியத்தை ஏற்கக்கூடாது என்று அதே நூற்றாண்டின் யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதிவைத்த சமூகம் அது; புனைந்து எழுதுபவர் சாட்சிக்கு வேறு யாரையாவது அல்லவா நிறுத்தியிருப்பார்? சபையின் தூணாகிய பேதுரு ஒரு வேலைக்காரியின் முன் இயேசுவை மறுதலித்ததையும் சுவிசேஷங்களை எழுதிய நால்வரும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். இவை கணிதம்போல் எதையும் நிரூபித்துவிடா. ஆனால் நேர்மையான ஒரு சாட்சியத்தின் முன் நிற்கிறோம் என்ற உணர்வை இவை தரும்.

ஆகவே முதலில் முழுப் புத்தகத்தையும் நம்பிவிட்டு அப்புறம் வாசிக்கும்படி அவரிடம் கேட்காதீர்கள். லூக்காவின் முதல் நான்கு வசனங்களைக் காட்டுங்கள். கண்ணாரக் கண்டவர்கள் ஒப்புவித்ததை ஆதிமுதல் திட்டமாய் விசாரித்து எழுதுவதாக லூக்கா தம் முறையை அங்கே விளக்குகிறார். விசாரித்து எழுதப்பட்ட ஒன்றை விசாரித்து வாசிக்க உங்கள் கணவருக்கு முழு உரிமை உண்டு. இயேசுவின்மேல் ஏற்கெனவே அவருக்கு இருக்கும் மதிப்பு, அவரைப் பற்றிய சாட்சியத்தை வாசிக்க வாசிக்க எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் என்பதை அவசரப்படாமல் பாருங்கள்.

கேள்வி: எரிகோவில் இயேசு குணமாக்கிய குருடர் ஒருவரா, இருவரா? ஊருக்குள் வரும்போதா, புறப்படும்போதா? மூன்று சுவிசேஷங்களும் மூன்று விதமாகச் சொல்கின்றன. வாலிபர் கூட்டத்தில் கேட்டபோது, ‘இப்படிக் கேட்பது அவிசுவாசம்’ என்றார்கள். நான் விசுவாசியாகி ஓராண்டுதான் ஆகிறது.
(கல்லூரி மாணவர், திருநெல்வேலி)

பதில்: நன்றாகத்தான் வாசித்திருக்கிறீர்கள். மத்தேயு இருவர் என்கிறார். மாற்கு பர்திமேயு என்று ஒருவரைப் பெயரோடு சொல்கிறார். லூக்கா ஒருவரைச் சொல்லி, அது எரிகோவுக்குச் சமீபமாய் வரும்போது நடந்ததாக எழுதுகிறார். பழைய எரிகோ, புதிய எரிகோ என்று இரண்டு ஊர்களைக் காட்டி இதைச் சரிசெய்கிறவர்கள் உண்டு. இருவரில் பேசியவரை மட்டும் மாற்கு குறிப்பிட்டார் என்பாரும் உண்டு. இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு வேறுபாட்டுக்கும் ஒரு சாவியைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஒரே நிகழ்ச்சியைப் பல சாட்சிகள் சொல்லும்போது சிறு விவரங்கள் மாறுவதும், நடு நிகழ்ச்சி மாறாமல் நிற்பதும் இயல்பு. சொல்லுக்குச் சொல் ஒத்துப்போயிருந்தால், கூடிப் பேசி எழுதினார்களோ என்ற ஐயம்தான் எழுந்திருக்கும்.

இந்த வேறுபாடுகள் ஆதிச் சபைக்குத் தெரியாதவையும் அல்ல. 2-ஆம் நூற்றாண்டிலேயே தத்தியான் என்பவர் நான்கு சுவிசேஷங்களையும் இழைத்து ஒரே வரலாறாகத் தொகுத்தார். சீரியத் திருச்சபைகள் அதை நெடுங்காலம் ஆராதனையில் வாசித்தன. 5-ஆம் நூற்றாண்டில் சீரு நகரத்துப் பேராயர் தெயோதரேத்து, தம் மறைமாவட்டத்தில் கண்ட 200-க்கும் மேற்பட்ட அத்தகைய பிரதிகளை அகற்றிவிட்டு நான்கு தனித்தனிச் சுவிசேஷங்களையே வைத்ததாக எழுதியிருக்கிறார். நெருடல் இல்லாத ஒரே நூல் கையில் இருந்தும், நெருடலோடு கூடிய நான்கையே திருச்சபை வைத்துக்கொண்டது.

கேட்பது அவிசுவாசம் என்று உங்களிடம் சொன்னவர்களுக்கு அப்போஸ்தலர் 17:11-ஐக் காட்டுங்கள், பணிவோடு காட்டுங்கள். பவுலே வந்து பிரசங்கித்தபோதும், காரியங்கள் இப்படியிருக்கிறதா என்று பெரோயா பட்டணத்தார் தினந்தோறும் வேதவாக்கியங்களை ஆராய்ந்தார்கள். அதற்காக லூக்கா அவர்களை நற்குணசாலிகள் என்று எழுதுகிறார்.

கேள்வி: புத்தாண்டு ஆராதனையில் எனக்குக் கிடைத்த வாக்குத்தத்த அட்டையில் எரேமியா 29:11 இருந்தது. இந்த ஆண்டு நிச்சயம் வேலை கிடைக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஆண்டு முடியப்போகிறது. நான் வசனத்தை நம்பியது தவறா?
(புதிய விசுவாசி, வேலூர்)

பதில்: நம்பியது தவறன்று, சகோதரி. அந்த ஒரு வசனத்தை மட்டும் கத்தரித்து உங்கள் கையில் கொடுத்தவர்கள், அதைச் சுற்றியிருப்பதையும் கொடுத்திருக்க வேண்டும்.

அது ஒரு கடிதத்தின் நடுவரி. கி.மு. 597-இல் நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து சிறைபிடித்துக் கொண்டுபோன மக்களுக்கு எரேமியா பாபிலோனுக்கு எழுதி அனுப்பிய கடிதம் அது. அதற்கு முந்திய 28-ஆம் அதிகாரத்தில் அனனியா என்ற ஒருவன் ஆலயத்தில் எல்லாருக்கும் முன்பாக எழுந்து, இரண்டு வருஷத்தில் எல்லாம் திரும்பிவரும் என்று கர்த்தரின் பெயரால் வாக்குக் கொடுக்கிறான். கேட்க எவ்வளவு இனிமையான வாக்குத்தத்தம்! கர்த்தர் அவனை அனுப்பவில்லை என்று எரேமியா சொல்கிறார்; அந்த ஆண்டிலேயே அவன் இறந்துபோகிறான். அடுத்த அதிகாரத்தில் வரும் கடிதமோ, வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், உங்களைச் சிறையாக்கிய அந்தப் பட்டணத்துக்காகவே விண்ணப்பம்பண்ணுங்கள் என்கிறது. திரும்பிவருவதற்கு 70 ஆண்டுகள் ஆகும் என்றும் 10-ஆம் வசனத்தில் சொல்லிவிடுகிறது. அதற்கடுத்த வரிதான் உங்கள் அட்டையில் அச்சிடப்பட்டது. கடிதத்தைக் கேட்டவர்களில் பெரும்பாலோர் எருசலேமை மறுபடி காணப்போவதில்லை. அவர்களைப் பார்த்துத்தான், ‘உங்களைப் பற்றிய என் நினைவுகள் தீமைக்கல்ல’ என்று தேவன் சொன்னார்.

விரைவில் நடக்கும் என்று இனிக்க இனிக்கச் சொல்லும் வாக்குகளுக்கு எதிராக எழுதப்பட்ட வசனத்தையே அப்படிப்பட்ட வாக்காக அச்சிட்டு வழங்குகிறோம் என்பதைச் சபைகள் எண்ணிப்பார்க்க வேண்டும். அட்டை கொடுப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. அதன் பின்பக்கத்தில், முழு அதிகாரத்தையும் வாசிக்கும்படி ஒரு வரி சேர்த்தால் போதும்.

அந்த வசனத்தில் உங்களுக்கு ஒன்றும் இல்லையா? உண்டு. தாமதித்தாலும் தம் மக்களை மறந்துபோகாத தேவனை அது காட்டுகிறது. வேலை இந்த ஆண்டில் வருமென்று அது சொல்லவில்லை. எரேமியா 28, 29 அதிகாரங்களை ஒரே மூச்சில் வாசியுங்கள். வேலைக்கு விண்ணப்பம் அனுப்புவதையும் விடாதீர்கள்.

கேள்வி: என் தோழியின் வீட்டில் திருவிவிலியம் (கத்தோலிக்கர் பயன்படுத்தும் தமிழ் வேதாகமம்) இருக்கிறது. அதில் எங்கள் வேதாகமத்தில் இல்லாத நூல்கள் உள்ளன. தமிழ் நடையும் வேறாக இருக்கிறது. வாசிக்கலாமா?
(வாசகி, கும்பகோணம்)

பதில்: தாராளமாக வாசிக்கலாம். கத்தோலிக்கர், கிறிஸ்துவுக்கு முன்பே கிரேக்கத்தில் வழங்கிய பழைய ஏற்பாட்டு மரபைப் பின்பற்றி, தோபித்து, யூதித்து, மக்கபேயர் முதலிய நூல்களையும் சேர்த்து மொத்தம் 73 நூல்களை ஏற்கிறார்கள். நாம் பழைய ஏற்பாட்டில் எபிரெய வேதத்திலுள்ள நூல்களை மட்டும் ஏற்று, மொத்தம் 66 என்கிறோம். புதிய ஏற்பாட்டின் 27 நூல்கள் இருவருக்கும் ஒன்றே. அந்த 27-ஐயும் இன்றுள்ளபடி பட்டியலிட்டு, அலெக்சந்திரியப் பேராயர் அத்தனாசியு 367-இல் எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. மார்ட்டின் லூத்தரும் அக்கூடுதல் நூல்களைத் தம் 1534-ஆம் ஆண்டு வேதாகமத்தில், வேதத்துக்குச் சமமல்ல எனினும் வாசிக்க நல்லவை என்று தனியே சேர்த்தே அச்சிட்டார்.

நடையைப் பொறுத்தவரை, நம் பழைய திருப்புதல் ஹென்றி பவர் தலைமையில் 1871-இல் நிறைவுற்றது. திருவிவிலியம் 1995-இல் வெளிவந்தது. ஆராதனையிலும் பாடல்களிலும் நீங்கள் கேட்பது முன்னதன் சொற்களை. புதிதாக வாசிப்பவருக்கு எளிதில் பிடிபடுவது பின்னது. புரியாத பகுதியை இரண்டிலும் வாசித்துப் பாருங்கள்.

கேள்வி: இந்துக் குடும்பத்தில் நான் ஒருத்தி மட்டும் கிறிஸ்துவை ஏற்றிருக்கிறேன். வேதாகமத்தை எடுத்தாலே அம்மா அழுகிறார், அப்பா பேசுவதை நிறுத்திவிடுகிறார். ஒளித்து வாசிக்கலாமா?
(வாசகி, சேலம்)

பதில்: அம்மா அழுவது உங்களை இழந்துவிடுவோமோ என்ற பயத்தினால். அந்தப் பயத்துக்கு விவாதம் மருந்தாகாது. வாசிப்பதை மறுத்துப் பொய் சொல்ல வேண்டாம். அதேபோல், அவர்கள் பூஜை செய்யும் நேரத்தில் கூடத்தில் உட்கார்ந்து உரக்க வாசிக்கவும் வேண்டாம். உங்கள் அறையில் பத்து நிமிடம் போதும். அவர்கள் கேட்டால் மட்டும் சொல்லுங்கள். சொல்லும்போது 1 பேதுரு 3:15-இல் உள்ளபடி சாந்தத்தோடும் வணக்கத்தோடும் சொல்லுங்கள். அவர்கள் வழிபாட்டைக் குறைத்து ஒரு சொல்லும் பேசாதீர்கள். வீட்டு வேலையில் முன்பைவிட அதிகமாக அம்மாவுக்குத் துணையாயிருங்கள்.

கேள்வி: என் மாமியார் எழுபது வயதில் விசுவாசத்துக்கு வந்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. ‘எனக்கு எதற்கு வேதம், ஜெபம் போதும்’ என்கிறார். என்ன செய்வது?
(மருமகள், தூத்துக்குடி மாவட்டம்)

பதில்: வேதம் முதலில் காதுகளுக்குத்தான் வந்தது என்று அத்தையிடம் சொல்லுங்கள். நெகேமியா 8-ஆம் அதிகாரத்தில் எஸ்றா காலை தொடங்கி நண்பகல்வரை நின்று வாசிக்க, ஜனங்கள் கேட்டார்கள். லேவியர் அதன் பொருளை விளங்கப்பண்ணினார்கள். வெளிப்படுத்தின விசேஷம் தன் முதல் அதிகாரத்திலேயே வாசிக்கிறவன் ஒருவனையும் கேட்கிறவர்கள் பலரையும் பாக்கியவான்கள் என்கிறது. பவுலின் நிருபங்களைக் கேட்ட முதல் சபையாரில் பலருக்கு வாசிக்கத் தெரிந்திருக்காது.

கைப்பேசியில் தமிழ் ஒலி வேதாகமத்தை இறக்கிக் கொடுக்கலாம். ஆனால் அது மட்டும் போதாது, ஏனெனில் அது நின்று விளக்காது. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் நீங்களோ பிள்ளைகளோ கால் மணி நேரம் வாசித்துக் காட்டுங்கள். மாற்கு 5-ஆம் அதிகாரத்தில் தொடங்கலாம். 12 வருஷம் பெரும்பாட்டினால் (இரத்தப்போக்கினால்) வருந்தி, வைத்தியர்களிடம் கையிலிருந்ததையெல்லாம் செலவழித்த ஸ்திரீயும், 12 வயதில் மரணப்படுக்கையில் கிடந்த யவீருவின் மகளும் வரும் அதிகாரம் அது. வாசித்து முடித்ததும் விளக்கம் சொல்ல முந்தாதீர்கள். பேரப்பிள்ளைகளை உட்காரவைத்து, அந்தக் கதையைத் திரும்பச் சொல்லும்படி அத்தையிடமே கேளுங்கள்.